மாமா முன்னால் சொறியாத மாப்பிள்ளை

ரப்பர் விலை படுத்துவிட்டது என்று பினாங்கு முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ஜார்ஜ் டவுனில், சூலியா ஸ்ட்ரீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்தக் கல்யாணம் நின்றுபோக இருந்தது. ஏன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மாப்பிள்ளை சொறிந்துகொள்ளவில்லை, அதுதான் காரணம்.

முதலில் என் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. என் தோல் பொல்லாத தோல். எதுவும் ஆகாது. வாசனை சோப்புப் போட்டால் தடிக்கும். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் பினாங்குப் புழுக்கத்தில் முதுகெல்லாம் கொப்புளம். எண்ணெயே வேண்டாம் என்று விட்டால் காய்ந்து, வெடித்து, ராத்திரியெல்லாம் அரிக்கும். கடைத் தேங்காயெண்ணெயோ கொப்பரைப் புகை நாற்றத்தோடு பிசுபிசுவென்று தோல்மேல் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைக்காரக் கடையில் விற்கும் ஸ்நோ கிரீமை என்னைப் பெற்ற உம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்தார். மெல்லிசாகத்தான் இருந்தது, ஆனால் அதில் போட்டிருந்த செண்டு என் கன்னத்தைத் தீய்த்துவிட்டது. சாதிசனம் எனக்கு வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி. சிணுங்குவேன், கடிக்கவும் செய்வேன் என்று நான் திருப்பிச் சொல்வேன்.

கடைசியில் எனக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா தன் கைக்குழந்தைக்காகத் தேங்காய்ப்பாலில் எண்ணெய் எடுப்பார். கெட்டிப்பாலைப் பிழிந்து அசையாமல் வைத்தால் மேலே ஆடை மிதக்கும். அதை மட்டும் வழித்து, தணல் சூட்டில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கசடு சிவக்க ஆரம்பிப்பதற்குள் இறக்கி மல் துணியில் வடித்தால், தண்ணீர் மாதிரி தெளிவாக எண்ணெய் நிற்கும். புகை நாற்றம் கிடையாது, செண்டு கிடையாது. குளித்து முடித்து, உடம்பு ஈரமாக இருக்கும்போதே உள்ளங்கையில் சில சொட்டு விட்டு மெல்ல ஒற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தேய்க்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் எண்ணெய் போட்ட அடையாளமே இருக்காது, தோல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். நானே காய்ச்சக் கற்றுக்கொண்டேன். அந்தச் சின்னச் சீசா இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை.

மாப்பிள்ளைக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. சின்ன வயதிலேயே நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். தாய் தகப்பன் இல்லை. அவருக்காகப் பெண் பேசி முடித்தது கடை முதலாளிதான். நல்ல பிள்ளை, வாய் அதிராது, வாடிக்கையாளர் ஒருவரும் முகம் சுளித்துப் போனதில்லை என்று அவர் சொன்னார். வாப்பாவுக்கு, என் தகப்பனாருக்கு, அது போதுமாக இருந்தது. எனக்கு அவர் முகமே தெரியாது. அந்தக் காலத்தில் பெண் பார்ப்பது மாப்பிள்ளை வேலையும் இல்லை, மாப்பிள்ளை பார்ப்பது பெண் வேலையும் இல்லை.

இனி என் மாமாவைப் பற்றி. உம்மாவுக்கு அண்ணன். ஜாதிக்காய், கிராம்பு, அத்தர் வியாபாரம். தங்கமான மனிதர், ஆனால் அவர் அன்பு முழுவதும் அத்தர் வழியாகத்தான் வெளியே வரும். யாரைக் கண்டாலும் கட்டித் தழுவி, ஜிப்பாப் பையிலிருந்து சீசாவை எடுத்துக் கழுத்திலும் மணிக்கட்டிலும் இழுத்துவிடுவார். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பெருநாளன்று அப்படிப் பூசியதில் வெந்துபோன இடம் என் இடது மணிக்கட்டு எலும்புக்கு மேலே கறுப்புத் தழும்பாக நின்றுவிட்டது. அது அத்தரால் வந்தது என்று மட்டும் அவரிடம் யாரும் சொல்ல முடியாது. அவர் அத்தர் சுத்தமான சரக்காம். கொசு கடித்திருக்கும் என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து வந்த மாமா, பள்ளிவாசல் வாசலில் மாப்பிள்ளையைப் பார்த்தேன், என்ன மரியாதை, என்ன அடக்கம் என்று உருகிப்போனார். இரண்டு மூன்று நாள் கழித்து அதே மாமா முகம் வெளுத்துப்போய் வந்தார். வாப்பாவைக் கூடத்து மூலைக்கு இழுத்துப் போய்ப் பேசினார். திரைக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. மாமா கடைப்பக்கம் போனபோது பார்த்தாராம். மாப்பிள்ளை கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் படை. மணிக்கட்டிலும் இருக்கிறதாம். சட்டைக் காலரைத் தூக்கிப் பட்டன் போட்டு மறைக்கிறாராம்.

பெருவியாதி என்று மாமா சொன்னார். குஷ்டரோகத்தை அப்போது அப்படித்தான் சொல்வோம், பெயரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அந்த நோய் வந்தவர்களைக் கடலுக்குள் இருந்த ஜெரஜாக் தீவில் கொண்டுபோய் வைத்த காலம். போனவர்கள் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. பாவம், அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். வாப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்தை நிறுத்திவிடலாம், காரணம் வெளியே சொல்ல வேண்டாம் என்றார். சொல்லாவிட்டால் மட்டும் ஊர் சும்மா இருக்குமா? அந்தப் பிள்ளையை அப்புறம் எந்தக் கடையில் வேலைக்கு வைப்பார்கள், எந்த வீட்டில் சோறு போடுவார்கள்?

எனக்கு வந்ததே ஒரு கோபம். திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவருக்கு அத்தர் பூசினீர்களா என்று மாமாவைக் கேட்டேன். பூசினேன், மருமகனாக வரப்போகிறவருக்குப் பூசாமல் யாருக்குப் பூசுவேன் என்றார். எங்கே பூசினீர்கள் என்றேன். கழுத்தில், மணிக்கட்டில் என்று சொல்லி முடித்தவர், என் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்ததும் முறைத்தார். அவர் அத்தரைக் குறை சொல்வது அவர் ஈமானை, மார்க்க நம்பிக்கையையே, குறை சொல்வது மாதிரி.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "மாமா, அவர் சொறிஞ்சுக்கிட்டாரா?"

உம்மா என் வாயைப் பொத்த ஓடி வந்தார். கல்யாணப் பெண் கேட்கிற கேள்வியா இது! ஆனால் எனக்கு அது தெரியும். பெருவியாதிப் படையில் உணர்ச்சி இருக்காது, அரிக்காது, கிள்ளினால்கூடத் தெரியாது என்று ஊரே சொல்லும். ஒத்துக்கொள்ளாமல் வரும் தடிப்போ உயிரை எடுக்கும். சொறியாமல் ஒரு நாழிகை இருக்க முடியாது. அதை என்னைவிட யார் அறிவார்? வாப்பா யோசித்தார். பிள்ளை கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் மச்சான் என்று மாமாவை அனுப்பினார்.

மாமா போனார். கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோப்பி வரவழைத்துக் குடித்தார். ஊர்க் கதை, கப்பல் கதை எல்லாம் பேசினார், கண் மட்டும் மாப்பிள்ளை கையை விட்டு நகரவில்லை. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "ஒரு தடவைகூடச் சொறியலை. சிலை மாதிரி நிக்கிறான்."

உம்மா அழ ஆரம்பித்தார். பெண் வீட்டு மாமா எதிரே உட்கார்ந்து வெறிக்க வெறிக்கப் பார்த்தால் எந்த மாப்பிள்ளை சொறிவான்? மரியாதைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பார். நான் இதைத் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன், கேட்க ஆள் இல்லை. சிலை மாதிரி நின்றதுதான் அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

கேட்டது ஒரே ஒருவர்தான். மாமி. மாமாவின் மனைவி. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், பாதி மலாய் பாதி தமிழ் பேசுவார், மாமாவையே விரலால் ஆட்டி வைப்பவர். எல்லோரும் ஓய்ந்த பிறகு என்னிடம் வந்து, "நாளைக்குக் காலையில துப்பட்டியைப் போட்டுக்கிட்டு என்னோட வா. துணி எடுக்கப் போறோம்லா," என்றார். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

அந்த நாளில் எங்கள் பெண்கள் வெளியே போனால் தலையோடு கால் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொள்வோம். கண் மட்டும்தான் தெரியும். ரிக்ஷா மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் திரும்பியபோது என் நெஞ்சு அடித்த சத்தம் ரிக்ஷா இழுப்பவருக்கே கேட்டிருக்கும். சீசாவை இடுப்பில் சொருகியிருந்தேன்.

அவர் கடை முன்பக்கமே நின்றிருந்தார். ஒல்லியாக, காலரை இறுக்கிப் பட்டன் போட்டு, புழுக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டு. வாங்கக்கா, உட்காருங்கக்கா என்று மாமியை வரவேற்றார். மாமி யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? மாமி மல் துணி காட்டச் சொன்னார். காட்டினார். இது வேண்டாம், அந்த மேல் தட்டில் இருப்பதை எடுங்கள் தம்பி என்றார். அவர் ஏணியில் ஏறி எங்களுக்கு முதுகைக் காட்டியதுதான் தாமதம், கையிலிருந்த துணி அளக்கும் கஜக்கோலைச் சட்டைக்குள் விட்டுக் கழுத்திலிருந்து முதுகு வரை வறட்டு வறட்டென்று சொறிந்தார் பாருங்கள்! தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, சொர்க்கமே கிடைத்த மாதிரி. சொறிந்து முடித்து, துணியை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு இறங்கி வந்தார். மாமி என் தொடையைக் கிள்ளினார். துப்பட்டிக்குள் நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மாமி சும்மா விடுவாரா? கழுத்தில் என்ன தம்பி என்றார். அவர் பதறிப்போய் வேர்க்குரு என்றார். மாமி அக்கறையாகத் துருவித் துருவிக் கேட்க, மெல்ல விஷயம் வெளியே வந்தது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு வாசனைச் சாமான் ஆகாதாம். புதுத் துணிக் கஞ்சித் தூசிகூட அரிக்குமாம். கந்தகக் களிம்பு தடவிப் பார்த்தால் பட்டில் கறை பட்டு முதலாளி சத்தம் போட்டாராம். எண்ணெய் எதுவும் தொட முடியாத தொழில், அதனால் தோல் காய்ந்து வெடித்துக் கிடக்கிறதாம். அப்படியிருக்க அத்தரை ஏன் பூசிக்கொண்டீர்கள் என்றார் மாமி.

"எனக்குன்னு இந்த ஊருல யாரு இருக்காங்கக்கா? ஒரு பெரியவங்க அன்பா பூசினாங்க. கையைத் தட்டிவிட மனசு வரலை."

அதைக் கேட்ட என் நிலையைச் சொல்ல வேண்டாம்.

நான் பேசக் கூடாது, குரல் வெளியே கேட்கக் கூடாது. ஆனால் கை பேசலாமே. துப்பட்டிக்குள்ளிருந்து தழும்பு விழுந்த இடது கையை நீட்டினேன். மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவிலிருந்து புறங்கையில் கொஞ்சம் தெளித்து, சீசாவிலிருந்து ஒரே ஒரு சொட்டு விட்டு மெல்ல ஒற்றினேன். அவர் துணிக்காரர் இல்லையா, எண்ணெயைப் பார்த்ததும் மல் துணியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாமி பேரம் பேசுகிற சாக்கில் நேரத்தைக் கடத்தினார். பிறகு நான் துணியின் ஓரத்தைப் பிடித்திழுத்து, என் புறங்கையை அதன்மேல் அழுத்தி எடுத்தேன். அவர் துணியை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

குளித்த ஈரத்தோடு சில சொட்டு, தேய்க்காமல் ஒற்ற வேண்டும், கொஞ்சம் ஆறிய பிறகு சட்டை போட வேண்டும், களிம்பையும் வாசனை சோப்பையும் தூக்கி எறியுங்கள் என்று மாமி சொல்லிச் சீசாவை மேசைமேல் வைத்தார். அதைத் தொடுவதா வேண்டாமா என்று அவர் தயங்கினார். அக்கா சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாமி அதட்டிய பிறகுதான் எடுத்தார். அந்த மல் துணியையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் மாமி நடந்ததைச் சொன்னார், நான் கூடப் போனதை மட்டும் விழுங்கிவிட்டார். கஜக்கோலால் சொறிந்த விதத்தை நடித்தே காட்டினார். வாப்பாவுக்கு முகத்தில் உயிர் வந்தது. மாமா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என் கண்ணால் பார்க்காமல் என் தங்கச்சி மகளைக் கொடுக்க மாட்டேன் என்றார். சரி, நீங்களே போய்ப் பாருங்கள், ஆனால் போன தடவை மாதிரி முறைத்துக்கொண்டு உட்காராதீர்கள் என்று மாமி புத்தி சொல்லி அனுப்பினார்.

மாமா எப்படிப் பார்த்தார் தெரியுமா? கடைக்குப் போய் மாப்பிள்ளை எதிரே நின்று, முதலில் தன் ஜிப்பாவுக்குள் கையை விட்டுத் தன் முதுகைத் தானே வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டாராம். பிறகு, "மாப்ள, எனக்கு முன்னாடி கூச்சப்படாதீங்க. சொறிஞ்சுக்குங்க," என்றாராம். அவர் முழித்தாராம். மாமா மறுபடியும், நான் சொல்கிறேன், நன்றாகச் சொறிந்துகொள்ளுங்கள் என்று அதட்டவும், அந்த மனிதர் காலர் பட்டனைக் கழற்றி இரண்டு கையாலும் ஆரம்பித்தாராம். நிறுத்தவே முடியவில்லையாம். அவர் சொறிவதைப் பார்த்து மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அந்தக் கடையில் அன்றைக்கு இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

வீட்டுக்கு வந்த மாமா என்னைக் கூப்பிட்டார். என் இடது கையைப் பிடித்து அந்தத் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுவும் கொசு கடிச்சது இல்லைதானே புள்ள?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று மாமா செய்த காவலை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மாப்பிள்ளை கழுத்தில் வந்தவர்களெல்லாம் சந்தனம் பூசுவது எங்கள் வழக்கம். அந்தச் சந்தனத்தில் பன்னீரும் அத்தரும் கலக்காமல் விடமாட்டார்கள். அன்று மாமாவே கல்லை எதிரே போட்டு உட்கார்ந்து, வெறும் தண்ணீரில் சந்தனம் இழைத்தார். மாப்பிள்ளை எண்ணெய் ஒற்றிக்கொண்டு வந்தாரா என்று காதுக்குள் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் மற்றவர்களைத் தொடவிட்டார். அத்தர் சீசாவோடு யாராவது பக்கத்தில் வந்தால் தன் கழுத்தை நீட்டி எனக்குப் பூசுங்கள் என்று குறுக்கே நின்றார். பினாங்கிலேயே அன்று அதிகமாக மணத்த மனிதர் என் மாமாதான்.

நிக்காஹ் முடிந்து அவரை உள்ளே அழைத்து வந்தார்கள். நான் முக்காட்டுக்குள் குனிந்திருந்தேன். பெரியவர்கள் என் கையை எடுத்து அவர் கையில் வைத்தார்கள். விரலெல்லாம் மருதாணி, ஆனால் மணிக்கட்டுத் தழும்பை மருதாணி மறைக்குமா? அவர் கை அப்படியே நின்றது. பெருவிரலால் அந்தத் தழும்பை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மல்லுல கறையே விழலை," என்றார். நான் வாழ்க்கையில் கேட்ட நல்ல வார்த்தைகளில் அதற்குத்தான் முதல் இடம்.

கதை அதோடு முடியவில்லை. கல்யாணமான புதிதில் அவர் என் முன்னாலும் சிலைதான். சட்டைப் பட்டனைக் கழற்றமாட்டார், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அரித்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார், அங்கே கதவு நிலையில் முதுகைத் தேய்க்கும் சத்தம் எனக்குக் கேட்கும். என்னை இன்னும் விருந்தாளியாக வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஏக்கமாக இருக்கும், ஆனால் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தார். சீசாவை என்னிடம் நீட்டி, திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நடு இடத்தில் எனக்கு எட்டவில்லை, முதலில் கொஞ்சம் சொறிந்துவிடு என்றார். கஜக்கோலைக் கடையில் விட்டுவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன். அவர் தோள் குலுங்கியது. நான் சொறிந்துவிட்டு, எண்ணெயை ஒற்றிவிட்டு, அவர் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்கள் தோலும் எங்கள் தோல்தான், வேறு எப்படி இருக்கும்? இப்போது விதவிதமாகக் கிரீம் வருகிறது, லேசாக இருக்கும், எரியாது என்று என் மருமகள்கள் வாங்கி வருகிறார்கள். நல்லதுதான், நானும் பூசிப் பார்க்கிறேன். ஆனாலும் தேங்காய்ப்பால் காய்ச்சும் அன்றைக்கு அவர் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்து, சொல்லாமல் கொள்ளாமல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுகிறார். மனிதன் எத்தனை பேர் முன்னால் மரியாதையாக நின்றாலும், அரிக்கும்போது கூச்சமில்லாமல் முதுகைக் காட்ட அவனுக்கென்று ஓர் ஆள் வேண்டும். யாருமில்லாத ஊரில் கரையிறங்கிய ஒருவருக்கு அந்த ஆளாக நான் அமைந்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.